விளையாட்டிலும் விடுதலை வேண்டும்

மன்ற இதழில் விளையாட்டைப் பற்றியா எழுதுவது என்று சிலர் வினவக்கூடும். இலக்கியம் இருக்க, வரலாறு இருக்க, நாட்டின் பொருளாதாரம் இருக்க, கணிப்பொறி விளையாட்டா கட்டுரைப் பொருள் என்று முகம் சுளிப்போரும் இருப்பர். அன்னோர் ஒருநாள் இரவு உணவுக்குப் பின் நம் விடுதித் தாழ்வாரத்தில் நடந்து பார்க்கட்டும். அறைக்கு அறை திரையொளி. திரைக்குத் திரை விளையாட்டு. இளைஞர்கள் தம் பொழுதையும் பொருளையும் எதில் செலவிடுகின்றனரோ, அதைப் பற்றி இளைஞர் இதழ் பேசாமல் வேறு யார் பேசுவது?

விளையாடலாமா, கூடாதா என்ற பழைய வழக்கை நான் எடுக்கவில்லை. விளையாடுவோம், அதில் தவறில்லை. எந்தக் களத்தில் விளையாடுகிறோம்? காசு கொடுக்கும்போது எதை வாங்குகிறோம்? இந்த இரண்டு கேள்விகளே என்னுடையவை. கட்டற்ற இயங்குதளமாகிய லினக்ஸில் பயின்ற நாம், விளையாட்டுக்காக அதைத் துறக்கக் கூடாது என்பதே என் கட்சி.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் நான் பிறந்த எல்லை மண். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, கோடு கிழித்த இடத்தில் மொழி நின்றுவிடவில்லை. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களிலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய மலைப்பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிட்டுத் தருகிறது. அத்தகைய பள்ளியொன்றில் படித்தவன் நான்.

அந்தப் பள்ளியில்தான் முதன்முதலில் கணிப்பொறியைத் தொட்டேன். அதில் இயங்கியது லினக்ஸ். கேரளத்தில் 2001-ஆம் ஆண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அது தனியுரிமை மென்பொருளைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அத்திட்டமே ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2019-இல் புதிய பதிப்பு வெளியானபோது, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் அது இயங்கும் என்றும், உரிமக் கட்டணமாகப் போயிருக்கக் கூடிய சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அந்நிறுவனம் கணக்குக் காட்டியது.

அங்கே விளையாட்டுக்கும் இடம் இருந்தது. தொடக்க வகுப்புகளுக்கான கணினிப் பாடநூலின் பெயரே ‘களிப்பெட்டி’. மலையாளத்தில் ‘களி’ என்றால் விளையாட்டு. தமிழில் ‘களி’ என்றால் மகிழ்ச்சி. எல்லைப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தின. ஜிகாம்ப்ரி என்ற விளையாட்டுத் தொகுப்பில் எண்ணும் எழுத்தும் பழகினோம். டக்ஸ் பெயின்டில் பென்குவின் பறவை துணைநிற்கப் படம் வரைந்தோம். விளையாட வேண்டுமானால் விண்டோஸ் வேண்டும் என்று எங்களிடம் எவரும் சொன்னதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் கேட்கும் முதல் பேச்சு வேறு. “லினக்ஸா? அது பாடத்துக்கு ஆகும், விளையாட்டுக்கு ஆகாது. விண்டோஸ் போட்டுக்கொள். காசு இல்லையா? திருட்டுப் படி ஒன்று தருகிறேன்.” அறிவுரையும் இலவசம், களவும் இலவசம்! பள்ளியில் பத்து ஆண்டுகள் அரசு செய்த நற்பணி விடுதியில் பத்தே நிமிடத்தில் கரைந்துவிடுகிறது.

இதில் இழப்பு என்ன என்று கேட்கலாம். கட்டற்ற மென்பொருள் என்றால் கட்டணமற்ற மென்பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். கட்டணம் வேறு, கட்டு வேறு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோதும், 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டபோதும் பிறந்தது ஓர் உரிமை முறை. நிரலை எதற்கும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், பிறர்க்குப் படியெடுத்துத் தரலாம், திருத்தியதையும் வெளியிடலாம். அதற்கு எவர் வாயிலிலும் நாம் காத்து நிற்க வேண்டுவதில்லை.

சிறுபான்மைக்கு இதன் அருமை நன்கு விளங்கும். வாணிப நிறுவனம் தலையெண்ணிப் பார்த்துத்தான் மொழியைச் சேர்க்கும். உலகின் பெரிய கணிப்பொறி விளையாட்டுக் கடையாகிய ஸ்டீமின் முகப்பு ஏறக்குறைய முப்பது மொழிகளில் உண்டு; தமிழ் அவற்றில் இல்லை. கோடிக்கணக்கான தமிழருக்கே இந்த நிலை என்றால், மூணாற்றின் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளரும் பிள்ளையை எந்த வணிகக் கணக்கில் சேர்ப்பார்கள்? கட்டற்ற விளையாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. ஜிகாம்ப்ரியின் சொற்கோப்பு யாருக்கும் திறந்திருக்கிறது. பத்து மாணவர் ஒரு விடுமுறையில் உட்கார்ந்தால், ஒரு தொகுப்பின் தமிழைத் திருத்திச் செப்பனிடலாம். அந்தப் பத்துப் பேர் சென்னையில் இருக்க வேண்டும் என்பதில்லை, கொழிஞ்சாம்பாறையிலும் இருக்கலாம்.

எழுத்து வடிவையே பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னே நிற்க வேண்டும், கால் பின்னே நிற்க வேண்டும். இந்தச் சிறு ஒழுங்கு தெரியாமல் தமிழைச் சிதைத்துக் காட்டிய விளையாட்டுப் பொறிகள் பல. கட்டற்ற விளையாட்டுப் பொறியான கோடோ, 2023 மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பில், இத்தகைய எழுத்துகளை முறையாகக் கோக்கும் ஆற்றலைப் பெற்றது. இன்று தமிழில் விளையாட்டு செய்ய விரும்பும் மாணவன் ஒரு காசும் கட்டாமல் அதில் தொடங்கலாம்.

இனி எதிர்க்கட்சியார் வாதங்களைப் பார்ப்போம்.

“லினக்ஸில் நல்ல விளையாட்டுகளே இல்லை” என்பது முதல் வாதம். இது முன்னொரு காலத்தில் உண்மை, இன்று பழங்கதை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் ‘வைன்’ திட்டம் 1993-இல் தொடங்கியது. 2013-இல் ஸ்டீம் கடை லினக்ஸுக்கு வந்தது. 2018-இல் அதை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்டு ‘புரோட்டான்’ என்ற கருவியை வெளியிட்டது. இது செய்யும் வேலை எங்கள் ஊர்ச் சந்தையில் நடக்கும் வேலைதான். பொள்ளாச்சி வியாபாரி தமிழில் விலை சொல்வார். பாலக்காட்டுக்காரர் மலையாளத்தில் பேரம் பேசுவார். நடுவில் நிற்கும் எல்லை ஊர்க்காரர் இருவர்க்கும் மொழி சொல்வார். விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதாக எண்ணிக் கேட்கும். புரோட்டான் அதை லினக்ஸின் மொழியில் மாற்றிச் சொல்லும். 2022-இல் வந்த ‘ஸ்டீம் டெக்’ என்ற கையடக்கக் கருவி முழுக்க முழுக்க லினக்ஸில் இயங்குவது. ஸ்டீமின் 2025 அக்டோபர் கணக்கெடுப்பில் லினக்ஸில் விளையாடுவோர் நூற்றுக்கு மூவரைத் தாண்டினர். மூன்றுதானா என்று நகைக்க வேண்டாம். சிறு எண்ணிக்கையைக் கண்டு நகைப்பது எல்லைத் தமிழர்க்கு அழகன்று.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ 2023-இல் வந்தது. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வு பெற்றது. தாய் சமைக்கிறாள், மகனோ மெல்ல மெல்லத் தமிழை மறக்கிறான். அதை என் லினக்ஸ் மடிக்கணினியில் புரோட்டான் வழியாகவே விளையாடினேன். வேற்றுமொழி நடுவே வளர்ந்த எனக்கு அந்தச் சமையலறை அந்நியமாகத் தெரியவில்லை.

இரண்டாம் வாதம் வலிமையுடையது. “நண்பர்கள் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகள் ஓடவில்லையே, தோழா?” உண்மை. வேலரண்ட் ஓடாது; ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரரைத் தடுப்பதற்காக என்று கூறி 2024 அக்டோபரில் அதன் நிறுவனமே லினக்ஸுக்குக் கதவை அடைத்தது. விடுதியே கூடி ஆடும்போது ஒருவன் மட்டும் ஓரத்தில் நிற்பது துன்பந்தான், நானும் நின்றிருக்கிறேன். ஆயினும் அந்த விளையாட்டு கேட்கும் விலையையும் பார்க்க வேண்டும். வேலரண்டின் காவல் நிரல் விண்டோஸின் கருவறை வரை சென்று அமர்கிறது. கணிப்பொறி விழிக்கும்போதே அதுவும் விழிக்கிறது. ஏமாற்று ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. பந்தாட வந்தவன் வீட்டுச் சாவிக்கொத்தைக் கேட்டால், பந்து எவ்வளவு அழகாயிருந்தாலும் நான் கொடுப்பதற்கில்லை. சேர்ந்து ஆட வேறு ஆட்டமா இல்லை? சூப்பர்டக்ஸ்கார்ட் இருக்கிறது, பேட்டில் ஃபார் வெஸ்னாத் இருக்கிறது, லுவான்டி இருக்கிறது. மூன்றும் கட்டற்றவை, பழைய கணிப்பொறியிலும் ஓடக்கூடியவை.

பழைய கணிப்பொறி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்புக்கோ பழைய கருவிகள் பல தகுதியற்றவை. தோட்டத் தொழிலாளியின் மகள் இரண்டாங்கையாக வாங்கிய மடிக்கணினியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிது வாங்கவா முடியும்? அந்தக் கருவிக்கு லினக்ஸ் மீண்டும் உயிர் கொடுக்கும்.

மூன்றாவது, வாங்குவது பற்றிய வாதம். “காசு கொடுத்தால் நம்முடையது” என்று நம்புகின்றனர். அப்படியா? ‘தி க்ரூ’ என்ற பந்தய விளையாட்டை யுபிசாஃப்ட் நிறுவனம் 2014 முதல் விற்றது. 2024 மார்ச் 31-இல் வழங்கியை நிறுத்தியது. காசு கொடுத்தவர் கையில் மிஞ்சியது வெறும் பெயர். கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றிய பின், ஸ்டீம் கடையே பணம் கட்டும் இடத்தில், நீங்கள் வாங்குவது உரிமம் என்று எழுதிக் காட்டுகிறது. நான் புகழ்ந்த புரோட்டான் இதே கடையின் கருவிதான். அதன் நன்மையைச் சொல்லும் நாவால் இதையும் சொல்வதே நேர்மை.

ஆகவே வாங்குவோர்க்குச் சில சொல்வேன். வாங்குமுன் ‘புரோட்டான் டிபி’யில் பாருங்கள்; எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று பயனர்களே எழுதி வைத்திருக்கின்றனர். ஓடவில்லையா? ஸ்டீமில் வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பூட்டில்லாமல் விற்கும் ஜி.ஓ.ஜி. கடையில் கிடைப்பதை அங்கேயே வாங்குங்கள். நிறுவும் கோப்பைத் தனியே சேமித்து வைத்தால், நாளை கடை மூடினாலும் விளையாட்டு உங்களிடம் இருக்கும். கட்டற்ற விளையாட்டை விலையின்றிப் பெற்றால், அதைச் செய்தோர்க்கு ஒரு தேநீர்க் காசாவது அனுப்புங்கள். திருட்டுப் படியை மட்டும் தொடாதீர்கள். ஏழை என்ன செய்வான் என்று கேட்பீர். ஏழைக்காகவே கட்டற்ற களஞ்சியம் திறந்து கிடக்கிறது. அந்த வாயில் திறந்திருக்கச் சுவரேறிக் குதிப்பானேன்?

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், நன்று. வரும் விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்குவோம். விரும்பியோர் கணிப்பொறியில் லினக்ஸை நிறுவித் தருவோம். ஒரே ஒரு கட்டற்ற விளையாட்டை எடுத்து, அதன் சொற்களை நல்ல தமிழில், பிள்ளைகள் பேசும் தமிழில், செம்மை செய்வோம். பிறகு அதைச் சித்தூர் வட்டத்துப் பள்ளிக்கும் தேவிகுளத்துப் பள்ளிக்கும் எடுத்துச் செல்வோம். அங்கே கணிப்பொறி இருக்கிறது, லினக்ஸும் இருக்கிறது. வேண்டுவது நம் உழைப்பு ஒன்றே.

பிறர் செய்த விளையாட்டைப் பிறர் மொழியில், பிறர் பூட்டிய பெட்டியில் ஆடுவது மட்டுமே நம் பங்கு என்று இருந்துவிடலாம். எவரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. ஆனால் பள்ளியில் நமக்குத் திறந்த பெட்டியைத் தந்தார்கள். அதை மூடாமல் அடுத்த பிள்ளையின் கையில் கொடுப்பது நம் கடமை. தோழர்களே, வாருங்கள், விளையாடுவோம், விடுதலையோடு விளையாடுவோம்!