வைப்பு நிதியும் சந்தையின் ஊசலும்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி பங்குச் சந்தையில் இருக்கிறது என்பதை அதன் உறுப்பினர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 2015 ஆகஸ்டில் புதிய வரவில் 5 சதவீதம் என்று தொடங்கிய இம்முதலீடு, 2016-இல் 10 சதவீதமாகவும், 2017-இல் 15 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. நிறுவனப் பங்குகள் நேரடியாக வாங்கப்படுவதில்லை. 'இ.டி.எஃப்.' எனப்படும், பங்குச் சந்தையில் வர்த்தகமாகும் நிதிகள் மூலமாகவே பணம் போகிறது.

சென்செக்ஸ், நிஃப்டி குறியீடுகளில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வைத்திருப்பவை இந்நிதிகள். செலவு குறைவு, தனி மேலாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ஆனால், சந்தை சரியும்போது ஒதுங்கி நிற்கவும் இவற்றால் இயலாது.

சந்தையோ, வட்டி விகிதத்தைவிட அதைப் பற்றிய எதிர்பார்ப்புக்கே அதிகம் அசைகிறது. விலைவாசி உயர்வு கூடினால், ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தும் என்று கணித்துப் பங்குகள் முன்கூட்டியே இறங்குகின்றன. வளர்ச்சி குறித்து நல்ல புள்ளிவிவரம் வந்த நாளிலும் சரிவு நேர்வதுண்டு. வட்டி குறையும் என்ற நம்பிக்கை தளர்வதே காரணம். எதிர்பார்த்த அறிவிப்பு சலனமின்றிக் கடந்துபோகும்; எதிர்பாராதது உலுக்கிவிடும். 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் ரெப்போ விகிதத்தை 4.40 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியபோது, சென்செக்ஸ் ஒரே நாளில் 1,300 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது.

நீண்டகால நோக்கில் பங்கு முதலீடு பலன் தரும் என்ற வாதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால், ஆண்டுதோறும் வட்டி அறிவிக்க வேண்டிய அமைப்புக்குச் சந்தை மீளும்வரை பொறுத்திருக்கும் வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. 2019-20-க்கு அறிவித்த 8.50 சதவீத வட்டியில் 8.15 சதவீதம் கடன் பத்திர வருவாயிலிருந்தும், எஞ்சிய 0.35 சதவீதம் இ.டி.எஃப். விற்பனையிலிருந்தும் தரப்படும் என்று 2020 செப்டம்பரில் முடிவானது. கொரோனா காலத்தில் வருமானம் இழந்து தவித்த தொழிலாளி, தனக்குரிய வட்டிக்காகச் சந்தையின் போக்கைப் பார்த்திருக்க நேர்ந்தது.

விற்றுவரும் தொகையில் பாதியை சி.பி.எஸ்.இ., பாரத் 22 நிதிகளில் மறுமுதலீடு செய்ய 2024 நவம்பரில் மத்திய அறங்காவலர் குழு ஒப்புதல் அளித்தது. பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்காக அரசே உருவாக்கிய நிதிகள் இவை. அறங்காவலர் குழுவின் தலைவரோ மத்திய தொழிலாளர் துறை அமைச்சர். விற்பவரின் தேவையும் தொழிலாளியின் நலனும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எந்த நிதியில் எவ்வளவு முதலீடு, என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்கப்பட்டது என்ற விவரம் எளிய தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் உறுப்பினர்களைச் சென்றடைய வேண்டும். நல்ல ஆண்டுகளின் லாபத்தில் ஒரு பகுதியைச் சரிவுக் காலத்துக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். சந்தையில் பணம் போடுபவர் தாமே முடிவெடுத்து இடரை ஏற்கிறார். வைப்பு நிதி உறுப்பினருக்கு அந்த உரிமை இல்லை. முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்ட அரசு, அதன் பொறுப்பையும் ஏற்பதே முறை.