குறிக்கண்ணாடி தேர்தல்

நெடுந்தூரக் குறிச்சுடுதலிற் பழக விரும்பும் நண்பர் பலர், ரைபிளின்மேற் பொருத்தும் தொலைநோக்கியொன்றை வாங்கப் புகுங்கால், முதற்கண் வினவுவது, ‘எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?’ என்பதே. பதினாறு மடங்கு என்பான்முன் இருபத்தைந்து மடங்கு என்பான் தலைநிமிர்கின்றான். இவ்வினா முதலில் எழவேண்டிய வினா அன்று என்பது எமது கருத்து. இதனை நிறுவ விளம்பரத் தாள்களைத் தேடவேண்டுவதில்லை. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை நோக்கினால் அமையும்.

காவலூரில் 1968-ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியொன்று நிறுவப்பெற்றது. 1972-இல் 1 மீட்டர் கருவி வந்தது. வேணு பாப்பு அவர்களின் பெயர்பூண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6-இல் தொடங்கிவைக்கப்பெற்றது. இவ்வெண்கள் யாவும் ஆடியின் குறுக்களவைக் குறிப்பன. பெருக்கத்தைக் குறிப்பது ஒன்றேனும் இல்லை. வானநூலார் தம் கருவியை அது திரட்டும் ஒளியைக்கொண்டே மதிக்கின்றனர். 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே சென்றபோது, அவ்விண்மீனின் ஒளி சிலநொடி மங்கியதைக் காவலூரின் 1 மீட்டர் கருவி பதிந்தது. அக்கோளைச் சூழ்ந்த வளையங்கள் புலப்பட்டது, பலவிடங்களிற் கிடைத்த இத்தகைய பதிவுகளாலேயே. கோளைப் பெரிதாக்கிக் கண்டு அறிந்த செய்தியன்று அது. ஒளியை நுண்ணிதின் அளந்து அறிந்தது.

ரைபிள் தொலைநோக்கிக்கும் இம்முறை பொருந்தும். முன்வில்லையின் குறுக்களவைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லை 10 மடங்கிற் 5 மில்லிமீட்டர் தரும். 25 மடங்கில் 2 மில்லிமீட்டரே தரும். மங்கிய வேளையில் கண்ணின் பாவை விரிந்து ஒளியை வேண்டிநிற்க, கருவியோ அதனைக் குறைத்து அளிக்கின்றது. தலை சிறிது விலகினும் காட்சி மறைகின்றது.

இனிக் காற்றைக் கருதுக. மலைமேல், இரவில், பெரிய ஆடிகொண்டு நோக்குவார்க்கே காற்றின் அலைவு உருவத்தைக் கலக்குகின்றது. நண்பகல் வெயிலில் வெந்த நிலத்தின்மேல் 1000 கெஜம் நோக்குவானுக்குக் கானல் எத்துணை இடர் செய்யும்! பெருக்கம் குறியோடு கானலையும் பெருக்கும். சுடுவோன் மூச்சாலும் நாடித்துடிப்பாலும் எழும் நடுக்கத்தையும் பெருக்கும்.

ஆகவே வினவத்தக்கவை வேறு. பொருத்துதாங்கி அசையாது நிற்குமோ? குறுக்கிழையைத் திருத்தும் திருகு, இருபது படி ஏற்றி மீண்டும் இருபது படி இறக்கினால், புறப்பட்ட இடத்துக்கே வருமோ? ஒரு படி என்பது பெரும்பாலும் கோண நிமிடத்தின் காற்பங்கு. 1000 கெஜத்தில் அஃது ஏறத்தாழ 2.6 அங்குலம். திருகு பொய்த்தால் கணக்கனைத்தும் பொய்க்கும். கண் விலகும்போது குறுக்கிழை குறியின்மேல் இடம்பெயர்வதுபோலத் தோன்றும் பிழையைத் தூரத்துக்கேற்பத் திருத்த வழியுண்டோ? குறுக்கிழையின் அளவுக்கோடுகள் எல்லாப் பெருக்கத்திலும் மெய்யாமோ, ஒன்றில் மட்டுமோ?

மிகுபெருக்கத்தால் பயனே இல்லை என்று யாம் கூறோம். எஃப் வகுப்புப் போட்டியில் ரைபிளைத் தாங்கியின்மேல் வைத்து 1000 கெஜத்திற் சுடும் கைதேர்ந்தார்க்கு, காற்று தெளிந்த பொழுதில், அது துணையாம். ஆயினும் 300 மீட்டர் உலகப் போட்டிகளில் 10 சென்டிமீட்டர் அகலமான நடுவட்டத்தைத் தொலைநோக்கியின்றித் துளைப்பார் உளர் என்பதையும் நினைக. அவர்க்கு அத்திறம் தந்தது பயிற்சியே.

ஆதலின், உரிமம் பெற்ற களத்திற் புதிதாகப் பழகப் புகும் மாணவர், குறைக்கவும் கூட்டவும் தக்க நடுத்தரப் பெருக்கமுடைய, வில்லை தெளிந்த கருவியைத் தேர்க. உறுதியான தாங்கிக்குப் பொருள் செலவிடுக. எஞ்சியதைத் தோட்டாக்களுக்கு வைத்துக்கொள்க. வாங்குமுன் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து அமையாது, அந்திவேளையில் ஒரு தொலைமரத்தின் கிளைகளை அதனூடே நோக்குக. கிளை கிளையாகப் பிரிந்து தோன்றினால் விலைபேசுக.