'வராது' என்னும் சொல்

நம் நாட்டில் ஒரே மொழியோடு வாழ்நாளைக் கழித்துவிடுவது எளிதன்று. வீட்டில் தமிழ் பேசுகிறோம். பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறோம். நம்மில் சிலர் மாலையில் இந்தி வகுப்புக்கும் செல்கிறோம். இத்தனைக்கும் நடுவே மாணவியராகிய நம்மிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "எனக்கு அது வராது" என்பதுதான். கணக்கைப் பற்றியும் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால் கணக்கில் தவறினால் அந்தத் தவறு தாளோடு போய்விடும். புது மொழியில் தவறினாலோ, வாயைத் திறந்த அக்கணமே வகுப்பு முழுவதன் காதிலும் விழுந்துவிடுகிறது. ஆகவே மற்றப் பாடங்களைக் காட்டிலும் மொழிப் பாடத்திற்கே நம்பிக்கை அதிகம் தேவைப்படுகிறது என்பது நம் கருத்து.

நம்பிக்கை என்பது "எல்லாம் எளிது, தானே வரும்" என்று எண்ணியிருப்பதன்று. பேருந்து நிலையக் கடைகளில் முப்பது நாளில் ஆங்கிலம், முப்பது நாளில் இந்தி என்று நூல்கள் தொங்குகின்றன. அவற்றை நாம் குறை கூறவில்லை. ஒழுங்காகப் படிப்பவருக்கு அவையும் உதவும். ஆனால் முப்பதாம் நாள் மாலை சரளமாகப் பேசப் போகிறோம் என்று நம்பி வாங்கியவர், பத்தாம் நாளே அதைப் பரணில் போட்டுவிடுகிறார். "புத்தகம் வாங்கிப் படித்தும் வரவில்லை" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாட்சியும் கிடைத்துவிடுகிறது. அளவு மீறிய நம்பிக்கை அவநம்பிக்கையின் மூத்த சகோதரி போலும்!

அமெரிக்க உளவியல் அறிஞர் மார்ட்டின் செலிக்மன், தோல்விக்கு மனிதர் எவ்வாறு காரணம் கற்பிக்கின்றனர் என்று ஆராய்ந்தவர். அவநம்பிக்கை உடையவர், தமக்கு நேர்ந்த தோல்வி என்றும் தொடரும், எதிலும் தொடரும், குற்றமும் தம்முடையதே என்று முடிவு கட்டிவிடுவதாக அவர் எழுதியிருக்கிறார். இது நம் வகுப்பறையிலேயே நடப்பதுதான். ஆங்கிலத்தில் 'பட்' என்றும் 'புட்' என்றும் இரு சிறு சொற்கள். இரண்டிலும் நடு எழுத்து ஒன்றே. ஒலி மட்டும் வேறு. ஒருத்தி 'புட்' என்பதை 'பட்' என்று வாசித்துவிடுகிறாள். வகுப்பு சிரிக்கிறது. அவள் நம்பிக்கையுள்ளவளாக இருந்தால், "இந்தச் சொல் ஏமாற்றுகிறது, 'புல்', 'ஃபுல்' என்பனவும் இதன் கூட்டாளிகள்" என்று குறித்துக்கொண்டு உட்காருவாள். மற்றவளோ நின்ற இடத்திலிருந்து உட்காருவதற்குள், "வாசிக்க வரவில்லை, இங்கிலீஷே வராது, எனக்கு மூளையே இல்லை" என்று மூன்று படி இறங்கிவிடுகிறாள். மறுநாள் முதல் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின் மறைந்துகொள்கிறாள். பேசாததால் பழக்கம் இல்லை; பழக்கம் இல்லாததால் வருவதில்லை. அவள் சொன்ன ஆருடம் பலித்துவிடுகிறது!

ஆக, இடறலை அதன் அளவிலேயே பார்ப்பவர் நம்பிக்கையுள்ளவர். ஒரு சொல்லில் இடறியதை மொழி முழுவதற்கும் நீட்டுபவர் அவநம்பிக்கை கொண்டவர். இதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. வீரமாமுனிவர் 1680 இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைக் குருவாகி, ஏறக்குறைய முப்பது வயதில் தமிழகம் வந்த பிறகே தமிழ் கற்றார். தம் இத்தாலியப் பெயரின் பொருளைத் தழுவி முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டாராம். புது மொழி கற்கப் புகுந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டோ?

அக்காலத்து ஓலைச்சுவடிகளில் குறிலாகிய எகரத்துக்கும் நெடிலாகிய ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று விட்டுவிடுவர். எரியும் ஏரியும் ஒன்றுபோலத் தோன்றும். நெருப்பா, நீரா என்று இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். தாய்மொழியாகப் பேசியவர்களுக்கு அது தொல்லையாகத் தோன்றவில்லை. வேற்று நாட்டவருக்கோ வாசிக்கும்போதெல்லாம் இடறல். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பழமொழி. முனிவர் ஆடவும் கற்றார், கூடத்தின் கோணலையும் நிமிர்த்தினார்! இன்று நாம் ஏகாரத்துக்குக் கீழே இழுக்கும் கோடும், 'கே' என்பதில் போடும் இரட்டைச் சுழிக் கொம்பும் அவர் செய்த சீர்திருத்தம் என்பர். தமிழே குழப்பமான மொழி என்று அவர் கைவிட்டிருந்தால் 1732 இல் சதுரகராதி ஏது? புனித சூசையப்பரைப் பாடும் தேம்பாவணியின் 3615 பாடல்கள் ஏது?

புனித அன்னை தெரேசாவும் அல்பேனிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவரே. 1928 இல், பதினெட்டு வயதில் வீட்டை விட்டு அயர்லாந்து சென்று, லொரேட்டோ சகோதரிகளிடம் சில வாரங்கள் ஆங்கிலம் கற்றார். 1929 இல் இந்தியா வந்து வங்காளமும் இந்தியும் கற்றுக்கொண்டார். பிறகு கல்கத்தாவில் பள்ளி ஆசிரியையாகவும் இருந்தார். அவருடைய முதல் வாக்கியங்கள் எல்லாம் பிழையின்றி இருந்திருக்குமா என்ன?

பெரியோர்க்கு மனவுறுதி இருந்தது, நமக்கு எங்கே என்று சிலர் கேட்கலாம். மனவுறுதி ஒருவருக்குள்ளிருந்து மட்டும் வருவதன்று. பக்கத்தில் இருப்பவர்களும் அதைக் கொடுக்கிறார்கள், பறிக்கவும் செய்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு அது அரை நிமிட வேடிக்கை. சிரிக்கப்பட்டவளுக்கு அது ஓராண்டு மௌனம். சில பள்ளிகளில் வளாகத்துக்குள் தமிழில் பேசினால் அபராதம் என்று கேள்விப்படுகிறோம். அபராதத்துக்கு அஞ்சுகிறவள் ஆங்கிலம் பேசுவாள் என்று எப்படி எண்ணுகிறார்களோ தெரியவில்லை. அவள் சும்மா இருந்துவிடுவாள். சும்மா இருப்பதற்கு அபராதம் இல்லையே!

பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். "நம் குடும்பத்தில் யாருக்கும் இங்கிலீஷ் வராது, இவளுக்கு எங்கிருந்து வரும்?" என்று விருந்தினர் முன் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். உங்களுக்கு அது அடக்கம். கேட்டு நிற்கும் மகளுக்கோ தீர்ப்பு. நம் தோழியருள் சிலருடைய அன்னையர், சகோதரிகள் ஆங்கிலத்தில் ஏதேனும் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சிப் பெற்றோர் கூட்டத்துக்கே வருவதில்லை. அப்பா மட்டும் வந்து கையொப்பமிட்டுப் போகிறார். அம்மா வராத காரணம் மகளுக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களும் வர வேண்டும். சகோதரிகளிடம் தமிழிலேயே பேசலாம். அவர்களுள் சிலர் வேறு மாநிலங்களிலிருந்து வந்து இங்கே தமிழ் கற்றுக்கொண்டவர்கள். 'ழ'கரத்தோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.