புகுந்தது யார்?

குடியிருப்புப் பகுதியில் மரநாய் புகுந்தது, பொதுமக்கள் அச்சம். இந்த வகைத் தலைப்பை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். விலங்கின் பெயர் மாறும், ஊரின் பெயர் மாறும். ‘புகுந்தது’ என்ற வினைமுற்று மட்டும் மாறுவதில்லை. செய்தித்தமிழில் இந்த வினைக்கு வழக்கமான எழுவாய்கள் திருடனும் வெள்ளமும்தாம். அந்த வரிசையில் மரநாயை நிறுத்தியவுடன் வழக்கு முடிந்துவிடுகிறது. தீர்ப்பு வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஒரு பழைய வீட்டின் பரணில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் உயிர்கூட, யாரோ ஒருவர் கண்ணில் பட்ட நாளில்தான் ‘புகுந்ததாக’ ஆகிறது.

இந்த வினைக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லும் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘வைல்ட்’ என்பது அடக்கப்படாதது, பழக்கப்படாதது என்னும் பண்பைக் குறிக்கும். இடத்தைக் குறிக்க வேண்டியதில்லை. நாம் அதை ‘வனவிலங்கு’ என்று பெயர்த்தபோது பண்பு போய் முகவரி வந்துவிட்டது. சு. தியடோர் பாஸ்கரன் போன்றோரின் எழுத்தால் நிலைபெற்ற ‘கானுயிர்’ அழகிய சொல். ஆனால் அதிலும் கான் இருக்கிறது. இந்தியின் ‘வன்யஜீவ்’, வங்காளியின் ‘போன்யப்ராணி’ எல்லாம் இதே வழியில் வந்தவை. பெயரிலேயே காடு இருந்தால், காட்டுக்கு வெளியே காணப்படும் ஒவ்வோர் உயிரும் வழிதவறியதாகத்தான் தோன்றும்.

உண்மையில் அவை வழிதவறியவை அல்ல என்பதைக் காண வடகொல்கத்தாவின் பழைய வீடுகளைப் பார்த்தால் போதும். சோவாபஜார், பாக்பஜார், ஜோராசாங்கோ பகுதிகளில் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் குழைத்துக் கட்டிய தடித்த சுவர்களும், மரவிட்டங்கள் தாங்கும் உயர்ந்த கூரைகளும், மரச்சட்டங்கள் அடுக்கிய சன்னல்களும், நடுவில் முற்றமும் கொண்ட வீடுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஓர் உயிரின் பார்வையில் இது மனிதர் வீடன்று. தடித்த சுவர் என்பது வெயிலேறாத பாறைப்பிளவு. விட்டத்துக்கும் கூரைக்கும் இடைப்பட்ட இருள் ஒரு மரப்பொந்து. சுவரில் முளைத்த அரசமரம் ஓர் ஏணி. கூகை கூடு கட்டாது. இருண்ட குழிவு ஒன்று கிடைத்தால் அங்கேயே முட்டையிடும். மரநாய் பகலெல்லாம் பரணில் உறங்கி, இரவில் பழமும் எலியும் தேடிப் போகும். சிறு வௌவால்களுக்குச் சன்னல் சட்டத்தின் பின்னுள்ள விரலளவு இடுக்கே போதும். முதிர்ந்த மரங்களின் பொந்துகள் நகரத்தில் அருகிய பிறகு, பழைய வீடுகளே அந்தப் பொந்துகளின் இடத்தை ஏற்றுக்கொண்டன.

இந்தக் குடியிருப்பை வங்காளி மொழி எப்போதோ பதிவு செய்துவிட்டது என்பதே என்னை ஈர்க்கும் செய்தி. வீட்டையோ மனையையோ ஒட்டி வாழும் பாம்புக்கு அங்கே ‘பாஸ்துஷாப்’ என்று பெயர். ‘பாஸ்து’ என்றால் குடியிருக்கும் மனை, ‘ஷாப்’ பாம்பு. மனைக்கு உரிய பாம்பு என்பதால் அதை அடிக்கலாகாது என்பது மரபு. கூகை ‘லொக்கி பேச்சா’, அதாவது இலக்குமியின் ஆந்தை; வீட்டில் அது வந்து தங்கினால் செல்வம் வந்ததாகப் பொருள். அதே பறவையின் அலறலைக் கேட்டு நாம் வைத்த பெயர் ‘சாவுக்குருவி’. பறவை ஒன்றுதான், எலி தின்னும் வயிறும் ஒன்றுதான். ஒரு மொழி அதை வரவேற்கிறது, இன்னொரு மொழி வாசலிலேயே துரத்துகிறது. வௌவாலுக்கும் வங்காளியில் இரண்டு பெயர்கள் உண்டு. மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி ‘பாதுர்’. வீட்டு இடுக்கில் வாழும் சிறிய பூச்சியுண்ணி ‘சாம்சிகா’. தமிழிலும் வௌவால் வகை ஒன்றுக்குத் ‘துரிஞ்சில்’ என்ற தனிப்பெயர் இருக்கிறது. அது அகராதியில் தங்கிவிட்டது. நம் பேச்சில் எல்லாமே வௌவால்.

மரபை மெச்சிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வது எளிது, ஆனால் நேர்மையாகாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். தரையில் உறங்குபவரை இரவில் தீண்டும் கட்டுவிரியனிடம் ‘மனைப்பாம்பு’ என்ற உறவு செல்லாது. நிபா நச்சுயிரி 2001இல் சிலிகுரியிலும் 2007இல் நதியா மாவட்டத்திலும் உயிர்களைக் குடித்தது. அந்த நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால்கள். இலக்குமியின் ஊர்தி என்ற பெருமையே ஆந்தைக்குக் கேடாகவும் முடிகிறது. தீபாவளியை ஒட்டிப் பலிக்காகவும் மாந்திரீகத்துக்காகவும் ஆந்தைகள் பிடிக்கப்படுவதைக் காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு பன்முறை எச்சரித்துள்ளது.

ஆகவே பெயர் மட்டும் எந்த உயிரையும் காப்பதில்லை. ஆனால் நுண்மையான பெயர், அச்சத்தை உரிய இடத்தில் வைக்க உதவுகிறது. பாதுரையும் சாம்சிகாவையும் பிரித்தறியும் ஒருவர், ஈச்சங்கள் இறக்கும் பானையை மூடி வைப்பார். சன்னல் இடுக்கில் புகைபோட மாட்டார். சாரையையும் விரியனையும் பிரித்தறிபவர் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் பாம்பு மீட்பரை அழைப்பார். எல்லாவற்றையும் ‘வனவிலங்கு’ என்று ஒரே பையில் போடுகிறவருக்குத் தெரிந்த மறுமொழிகள் இரண்டே: அடி, அல்லது காட்டில் விடு.

நம் சட்டமும் இங்கே தடுமாறுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலில் உள்ள பறவையின் கூட்டையோ முட்டையையோ குலைப்பதையும் ‘வேட்டை’ என்ற வரையறைக்குள் வைக்கிறது. ஆனால் அதே சட்டம் ‘வாழிடம்’ என்பதை விளக்கும்போது நிலம், நீர், தாவரம் ஆகியவற்றையே சொல்கிறது. சுவர் அதில் இல்லை. பழந்தின்னி வௌவால்கள் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. மறுபுறம், கொல்கத்தா மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் வீடுகளை அவற்றின் கட்டடக்கலையையும் வரலாற்றையும் கொண்டு தரம் பிரிக்கிறது. வனத்துறையின் கண்ணில் வீடு வாழிடமன்று. மாநகராட்சியின் கண்ணில் கூகை குடியிருப்பாளர் அன்று. இரண்டுக்கும் இடையில், கொல்கத்தாவில் ‘புரோமோட்டர்’ என்றழைக்கப்படும் அடுக்ககக் கட்டுமானக்காரரின் கடப்பாரை தடையின்றி இறங்குகிறது.

நான் கேட்பது பழைய வீடுகளை இடிக்கவே கூடாது என்பதன்று. பங்காளிகள் இருபது பேருக்கு உரிமையான, கூரை ஒழுகும் வீட்டைக் காக்கச் சொல்வது, அதன் செலவை ஏற்காதவருக்கு எளிய அறவுரை. இடிப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே என் வாதம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் வௌவால்களை மட்டுமன்றி அவை தங்கும் இடத்தையும் காக்கிறது. கட்டடத்தை இடிக்குமுன் வௌவால் இருக்கிறதா என்று ஆய்வது அங்கே வழக்கமான நடைமுறை. இங்கும் இடிப்பு அனுமதிக்கு முன் ஓர் அந்தியும் ஒரு வைகறையும் யாராவது அந்த வீட்டின் எதிரே நின்று பார்க்கலாம். குடியிருப்பவை இரவுயிர்கள் ஆதலால் பகல் ஆய்வு பயன்படாது. அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் மாணவர்களே இதற்குப் போதும். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுக்கலாம். கூகைக் குஞ்சு பொரித்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பறந்துவிடும். நீதிமன்றங்களில் பல்லாண்டு காத்திருந்த சொத்துக்கு இரண்டு மாதம் பெரிதன்று. புதிய கட்டடத்தில் பெட்டி ஒன்றைப் பொருத்தலாம். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்குப் பெட்டி வைப்பது நெடுநாள் வழக்கம்.

மொழியியல் படிப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மொழியின் நாளிதழ்களில் விலங்குகள் எந்த வினைகளுக்கு எழுவாயாகின்றன என்று தொகுத்துப் பாருங்கள். எத்தனை இடங்களில் ‘புகுந்தது’, எத்தனை இடங்களில் ‘வாழ்ந்தது’, ‘தங்கியிருந்தது’? வீடு இடிக்கப்பட்ட பிறகு தெருவுக்கு வந்த மரநாயைப் பற்றிய செய்தியில் இடிப்பு என்ற சொல் வருகிறதா? இது சிறிய ஆய்வுதான். ஆனால் செய்தி எழுதுபவர் மேசையில் அதை வைத்து விவாதிக்க முடியும்.

எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் சூழலியலுக்குப் பெயர் சூட்டியபோது, வீடு என்று பொருள்படும் ‘ஓய்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதை ஆக்கினார். தமிழில் அதைச் சூழலியல் என்றோம். நம்மை நடுவில் வைத்தோம், மற்றவை சூழ்ந்து நின்றன. வங்காளி, சூழல் மண்டலத்தைப் ‘பாஸ்துதந்த்ர’ என்கிறது. அங்கே மனை அப்படியே இருக்கிறது. வடமொழியின் ‘வாஸ்து’தான் இந்தப் பாஸ்து, உறைதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அதே சொல் நம்மிடமும் இருக்கிறது. அடுக்களை எந்த மூலையில் வரவேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் பயன்படுகிறது. வங்காளியில் அதன் இன்னொரு வடிவம் ‘உத்பாஸ்து’: மனையிலிருந்து பெயர்க்கப்பட்டவர், அகதி. 1947க்குப் பின் இலட்சக்கணக்கான மனிதர்களின் துயரத்தைச் சுமந்த சொல் அது. அதை இலேசாக எடுத்தாளக் கூடாது என்பதை அறிவேன். ஆயினும் கூரை பெயர்ந்த இரவில் மதிலோரம் குட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கும் மரநாய்க்கு, ‘புகுந்தது’ என்ற வினையைவிட அந்தப் பெயர்ச்சொல்லே உண்மைக்கு நெருக்கமானது.