கரிச்சதுப்புத் தீ: ஆழம் சொல்லாத கணக்கை ஏற்கமாட்டோம்

இந்தோனேசியாவின் கரிச்சதுப்பு (peat) நிலங்கள் எரியும்போது இவ்வளவு கார்பன் வெளியேறியது என்று ஒற்றை எண்ணை மட்டும் சொல்லும் கணக்கை, லண்டனில் இயங்கும் எங்கள் தமிழ்ச் சூழல் குழு ஏற்காது. எரிந்த ஆழம் அளக்கப்பட்டதா, அனுமானமா என்பதையும் அந்தக் கணக்கு சொல்லியாக வேண்டும்.

அங்கே 1997இல் மூண்ட தீயில் 81 கோடி முதல் 257 கோடி டன் கார்பன் வெளியேறியதாக 2002இல் ஆய்வாளர் சூசன் பேஜ் குழுவினர் நேச்சர் இதழில் மதிப்பிட்டார்கள். இரண்டு எண்களுக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியை மறைக்காமல் வைத்ததற்காகவே அந்த ஆய்வை மதிக்கிறோம்.

மரம் கொழுந்துவிட்டு எரிந்தால் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடும். கரிச்சதுப்பில் தீ மண்ணுக்குள் இறங்கி, வாரக்கணக்கில் கனன்றுகொண்டே நகரும். வெப்பம் குறைவு, மேலே புகை வேறு மூடியிருக்கும். ஆகவே எரிந்த பரப்பு, ஆழம், மண்ணின் அடர்த்தி, அதிலுள்ள கார்பன் ஆகியவற்றைப் பெருக்கித்தான் விடை காண வேண்டும். இதில் ஆழம்தான் பெரும்பாடு. 1997 தீக்கு இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தில் கிடைத்த சராசரி 51 செ.மீ.; 2006 தீக்குப் பிறகு விமானத்திலிருந்து லேசரால் அளந்தபோது 33 செ.மீ. மீண்டும் மீண்டும் எரியும் நிலத்தில் ஆழம் குறைந்துகொண்டே போவதும் பின்னர் தெரியவந்தது. எல்லாத் தீக்கும் ஒரே ஆழத்தைப் போட்டால், தடுக்கப்பட்ட தீயின் பேரில் விற்கப்படும் கார்பன் கிரெடிட்டும் ஊதிப்போகும். அப்படி ஊதிய கிரெடிட்டை வாங்கிவிட்டு இங்கே ஒரு நிறுவனம் தன் புகையைக் கழித்துக்கொள்வது அநியாயம்.

புகையை நேரில் அளக்க முடியும். 2015 தீக்கு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மார்ட்டின் ஊஸ்டர் உள்ளிட்டோர், கலிமந்தானிலேயே அளந்த புகையையும் செயற்கைக்கோள் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அந்த செப்டம்பர், அக்டோபரில் தென்கிழக்காசியத் தீவுப் பகுதித் தீயிலிருந்து நாளொன்றுக்கு 1.13 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் புதைபடிவ எரிபொருளால் வெளியேற்றியதோ நாளுக்கு 89 லட்சம் டன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள எங்கள் உறவுகள் மாதக்கணக்கில் சுவாசித்தது அந்தத் தீயின் புகைமூட்டத்தைத்தான்.

இந்த நிலம் காய்ந்ததற்கும் காரணம் உண்டு: இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில் மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போவதாகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை; காய்ந்த மண் எரிகிறது. ஆகவே கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணிக்கே பிரிட்டிஷ் அரசின் நிதி முதலில் போக வேண்டும். லண்டனில் கார்பன் கிரெடிட் விற்போர், எரிந்த ஆழத்தின் மேல், கீழ் எல்லைகளை வெளியிட்டு, கீழ் எல்லைக்கு மட்டுமே விற்க வேண்டும்.