தகடூர்ப் பிள்ளைகளும் கோடை விடுமுறையும்

பள்ளிக் கதவு மூடும்பொழுது பிள்ளைகளின் உள்ளம் திறக்க வேண்டும். ஆனால் இன்று தமிழ்நாட்டில் நடப்பதென்ன? ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே, காசுள்ள பெற்றோர் தம் மக்களைச் 'சம்மர் கேம்ப்' என்னும் இன்னொரு பட்டியில் கொண்டுபோய் அடைக்கின்றனர். அங்கும் ஆங்கிலப் பேச்சு, ஆங்கிலப் பாட்டு, ஆங்கில ஆட்டம்! ஆண்டு முழுதும் சுமந்த அடிமைச் சுமை போதாதென்று, எஞ்சிய கோடைக்கும் கட்டணம் கட்டி அதனையே வாங்குகின்றனர்.

காசற்றோர் நிலை வேறு. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற தாய்தந்தையர் பலர். அவர்தம் பிள்ளைகள் பாட்டன் பாட்டியரிடம் விடப்பட்டு, ஆடு மேய்த்தும் கைப்பேசித் திரையில் கண்புதைத்தும் கோடையைக் கழிக்கின்றனர். பள்ளி நாளில் கிடைத்த நண்பகலுணவும் அப்போது இல்லை. ஒரு சாரார்க்கு மொழி பறிபோகின்றது. மறு சாரார்க்குக் கற்றதே பறிபோகின்றது.

இவ்விழப்பு நேர்வது எந்த மண்ணில்? அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் மண்ணில்! அவன் முன்னோரே கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் என்று புறநானூறு கூறுகின்றது. பாலக்கோட்டுக் கரும்பாலையை நாளும் கடந்துபோகும் சிறுவனுக்கு இச்செய்தியைச் சொன்னவர் யார்? திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு, அசோகன் கல்வெட்டுகள் குறிக்கும் சத்தியபுத்திரர் அதியரே என்று காட்டிற்று. இதனை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட மறவர்க்கு எடுத்த கற்களும், வட்டெழுத்துப் பொறித்த கற்களும் இம்மாவட்டமெங்கும் கிடைத்துள்ளன. ஒரு முற்பகலில் சில வட்டெழுத்துகளைக் கற்று, ஒரு மறவன் பெயரையேனும் பிள்ளைகள் தாமே படித்துவிட்டால், அம்மகிழ்ச்சிக்கு எந்தக் 'கேம்ப்' ஈடாகும்? தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. ஒரு தலைமுறை கைவிட்டதை அடுத்த தலைமுறை தேடினாலும் பெற முடியாது!

விளையாட்டுக்கும் இங்குக் குறைவில்லை. பல்லாங்குழியின் பதினான்கு குழிகள் கணக்கைக் கற்பிக்கும். ஆடுபுலி ஆட்டம் எண்ணித் துணிதலைக் கற்பிக்கும். சடுகுடு மூச்சையும் துணிவையும் வளர்க்கும். இவற்றுக்கு வேண்டும் பொருள் என்ன? புளியங்கொட்டையும், கூழாங்கல்லும், மரநிழலுமே!

"ஆங்கிலம் இன்றேல் வேலை இல்லையே" என்பர் சிலர். ஆங்கிலத்தைப் பள்ளி ஆண்டு முழுதும் கற்பிக்கின்றது. எஞ்சிய ஒரு திங்களையும் அதற்கே கொடு என்று கேட்பது பிழைப்பன்று, அச்சம். தன் ஊரின் பெயரையும் பெருமையையும் அறியாத பிள்ளை, எம்மொழியில் பேசினாலும் பிறன் சொன்னதையே பேசும்.

பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவா, 1915-இலேயே தம் 'ஞானபானு' இதழில், வடசொல் கலவாத தனித்தமிழில் கட்டுரை எழுதுவார்க்கு 5 உருபா பரிசு அறிவித்தார். நூறாண்டு கடந்தும் அவ்வறைகூவல் பழமையாகவில்லை. அதனை இக்கோடையில் பிள்ளைகளிடம் கொண்டுசெல்லலாமே!

ஊர்தோறும் தமிழுணர்வுள்ள இளைஞர் இருவர் முன்வந்தால் போதும். காலையில் இரண்டு மணிநேரம் ஊர் நூலகத்திலோ மரத்தடியிலோ பிள்ளைகளைக் கூட்டட்டும். ஒரு நாள் கதை. ஒரு நாள் ஆட்டம். ஒரு நாள் நடுகல் காணல். ஒரு நாள் பாட்டியரிடம் கேட்டுப் பயிர், மரம், பறவைப் பெயர்களைத் தொகுத்தல். வந்த பிள்ளைகளுக்கு ஊரார் ஆளுக்கொரு குவளை கேழ்வரகுக் கூழ் வார்க்கட்டும். விடுமுறை முடிவில், தன் ஊரைப் பற்றிப் பிறசொல் கலவாமல் ஒரு பக்கம் எழுதிய பிள்ளைக்கு ஒரு நல்ல நூல் பரிசாகட்டும்.

அரசு ஆணையிடட்டும் என்று காத்திருந்தால் கோடை கழிந்துவிடும்; குழந்தைப் பருவமும் கழிந்துவிடும். தகடூரில் நடுகற்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தம்மைப் படிப்பாரை எதிர்நோக்கி நிற்கின்றன. பிள்ளைகளை அவற்றின்முன் அழைத்துச் செல்வதே தமிழர் செய்யும் முதற்பணி!