கை வைக்காமல் இருந்திருந்தால்

போன ஐப்பசியில் ஒரு நாள், காலைக் காப்பி குடித்த கையோடு பென் டிரைவ் ஒன்றை ஃபார்மட் செய்ய உட்கார்ந்தேன். திரையில் ‘எஃப்’ என்று நினைத்து ‘இ’யைத் தேர்ந்துவிட்டேன். “எல்லாம் அழிந்துவிடும், சரியா?” என்று கேட்டது. வந்த காகிதத்தில் எல்லாம் சுருக்கொப்பம் போட்டுப் பழகிய கை. சரி என்று தட்டிவிட்டது. சில விநாடிகளில் என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் காலி.

கட்டுரைகளும் படங்களும் போகட்டும். மறைந்த என் மனைவி, காஞ்சிபுரம் இட்லிக்கு மிளகு எவ்வளவு, சுக்கு எவ்வளவு என்று சொல்லச் சொல்ல, நான் செல்போனில் பதிந்த குரல் பதிவுகள் இருபத்திரண்டும் அதில்தான் இருந்தன.

வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. டிஸ்க் வேலை செய்கிறதா பார்ப்போமே என்று, வைகாசி கருட சேவை வீடியோக்களை அதில் ஏற்றினேன். ஃபார்மட் செய்ததைவிடப் பெரிய தவறு இதுதான்.

மறுநாள் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன்தான் சொன்னான்: “தாத்தா, முதல்ல ஒயரைக் கழட்டுங்க. இனி அதுல எதையும் ஏத்தாதீங்க.”

பதிவறையில் வேலை பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் புரியும். அவசர ஃபார்மட் என்பது பதிவேட்டைக் கிழிப்பது. கட்டுகள் அலமாரியில் அப்படியே இருக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாததால் அந்த இடம் காலி என்று கணக்கு. புதுக் கட்டு வந்தால் பழையது போய்விடும்.

பையன் ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. பதிவேட்டை அது தேடாது. டிஸ்கை முதலிலிருந்து படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தைக் கண்டு, எடுத்து வேறு டிஸ்கில் சேர்க்கும். பழைய பெயர்கள் திரும்பாது. குரல் பதிவுகளில் பதினேழு முழுதாக வந்தன. ஒன்று, “மிளகை ஒண்ணு ரெண்டா...” என்பதோடு நின்றுவிடுகிறது. மற்ற நான்கும் இல்லை. கருட சேவை அவற்றின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

நம் ஊர் கைலாசநாதர் கோயில் ஞாபகம் வந்தது. பிராகாரத்துச் சின்னச் சன்னதிகளில் பல்லவர் கால ஓவியங்கள் பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1931-ல் அவற்றைக் கண்டு சொன்னவர், புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். அங்கே பிரெஞ்சில் படித்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். சுவரில் மேலே பூசினாலும் அடியில் ஓவியம் மிஞ்சக்கூடும். டிஸ்கில் மேலே எழுதினால் அடியில் எதுவும் மிஞ்சாது.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். கணினியில் ஏதாவது அழிந்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கையை எடுங்கள். வெட்கப்படாமல் அன்றைக்கே விவரம் தெரிந்தவரிடம் சொல்லுங்கள். இப்போதைய எஸ்.எஸ்.டி. வகையாக இருந்தால் இன்னும் அவசரம். ‘ட்ரிம்’ என்ற ஏற்பாட்டால், அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடக்கூடும். முழு ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் சுழியமாக எழுதிவிட்டால் எந்த மென்பொருளும் மீட்காது.

“பழசை விட்டுத் தள்ளுங்க” என்று பிள்ளைகள் ஆறுதல் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் இரண்டு நாள் தேடிப் பாருங்கள். முக்கால்வாசிக்கு மேல் எனக்குக் கிடைத்ததே!

அலுவலகப் பிரதி வைக்காமல் ஒரு கடிதத்தைக்கூடத் தபாலுக்கு அனுப்பியதில்லை நான். வீட்டுக்காரி குரலுக்கு மட்டும் ஒரே பிரதி வைத்திருந்தேன். இப்போது மூன்று: வீட்டில் ஒன்று, மகள் வீட்டில் ஒன்று, எதிர்வீட்டுப் பையனிடம் ஒன்று.